ஹென்றி ரைஃபிளின் அடிப்பிளவு: நாலாவது குழாயில்தான் கைகூடியது

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு, நான் செய்துகொண்டிருக்கும் ஹென்றி ரைஃபிள் மாதிரியில் ஃபாலோயர் (குழாய்க்குள் தோட்டாக்களைப் பின்னால் தள்ளும் துண்டு) தடையில்லாமல் ஓடியது. ஐந்து மில்லி குழாயின் அடியில் நீளவாக்கில் வெட்டிய பிளவு. அதில் துருத்திக்கொண்டிருக்கும் பித்தளைக் குமிழை நகத்தால் முனைவரை தள்ளினேன். முனை உறை சின்னச் சத்தத்தோடு ஒரு பக்கம் திரும்பி, குழாயின் வாய் திறந்தது. உறையை மறுபடி நேராக்கிக் குமிழை விட்டதும் ஸ்பிரிங் அதைப் பின்கோடி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. இருபது தடவையாவது செய்து பார்த்திருப்பேன். இதற்கு முன் மூன்று குழாய்களும் இரண்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளும் போயிருக்கின்றன.

வெஸ்டர்ன் படங்களில் திரையில் வந்த துப்பாக்கியையும், கதை நடக்கும் ஆண்டில் அங்கே இருந்திருக்க வேண்டிய துப்பாக்கியையும் ஜோடி ஜோடியாகச் செய்து ஒரே பலகையில் மாட்ட வேண்டும் என்பது திட்டம். எல்லாம் மூன்றில் ஒரு பங்கு அளவு. ஹென்றியின் 24 அங்குலக் குழல் எனக்கு 8 அங்குலம். குழல் துளையில்லாத அலுமினியக் கம்பி, எட்டுப் பட்டையாக ராவியது. முனையில் சின்னப் பள்ளம் போட்டுக் கறுப்பு அடித்திருக்கிறேன், அவ்வளவுதான். முதல் ஜோடி 1860 ஹென்றியும், அதன் வேஷத்தில் எத்தனையோ படங்களில் வந்துபோன 1892 வின்செஸ்டரும். வேஷம் போட்டது போன தீபாவளிக்கு முன்பே முடிந்துவிட்டது. குழலுக்கு அடியில் கைபிடிக்கும் மரமான முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலுக்குப் பின்னால் இயந்திரம் இருக்கும் உடலுக்குப் பித்தளை நிறம் பூசினால் தீர்ந்தது வேலை. ஸ்டுடியோக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்குக் காரணம் தோட்டாவில் இருக்கிறது. ஹாலிவுட்டில் ‘ஃபைவ் இன் ஒன்’ என்று ஒரு வெற்றுத் தோட்டா புழங்கியது. .38-40, .44-40, .45 கோல்ட் என்ற மூன்று ரிவால்வர் அளவுகளிலும், .38-40, .44-40 ரைஃபிள்கள் இரண்டிலும் அதே தோட்டா போகும். சண்டைக் காட்சி எடுக்கும்போது ஒரே பெட்டியிலிருந்து ரிவால்வருக்கும் ரைஃபிளுக்கும் எடுத்துப் போடலாம் என்றால் யார் வேறு வழி தேடுவார்கள்? 1892 வின்செஸ்டரோ பத்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட துப்பாக்கி, எங்கும் கிடைத்தது. ஹென்றி மொத்தமே சுமார் 14,000 தான். அதன் .44 ரிம்ஃபயர் தோட்டா (அடிவிளிம்பில் அடித்தால் வெடிப்பது) இந்த ஐந்தில் சேராது. ஆகவே 1939-இல் வந்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் ஜான் வெய்ன் பெரிய வளைய லீவரோடு சுழற்றுவதும் 1892-தான். கதையில் துரத்தி வருவது பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவின் அப்பாச்சிகள். ஜெரோனிமோ 1886-இலேயே சரணடைந்துவிட்டார். அந்தத் துப்பாக்கி வந்தது ஆறு வருஷம் கழித்து.

1966-இல் வந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ படத்தை நான் எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. கதை நடப்பது 1862. தூக்குக் கயிற்றை அறுக்க ஈஸ்ட்வுட் எடுக்கும் ரைஃபிள் ஹென்றியாக நடிக்கிற 1866 வின்செஸ்டர். இங்கேயும் முன்கட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். இது 1892 வேஷத்தைவிட எவ்வளவோ மேல். உடலின் வளைவு கிட்டத்தட்ட ஹென்றிதான், நிறமும் நிஜம். ஆனால் வலப்பக்கம் உடலில் தோட்டா போடும் லோடிங் கேட் இருக்கிறதே, அது 1866-இல் வந்தது. ஹென்றியில் அந்த இடம் வழவழவென்று வெறுமையாக இருக்கும். தோட்டாவை முன்னாலிருந்துதான் போட வேண்டும்.

அடையாளம் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. ஹென்றியில் குழலும் அதன் கீழே தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசின் குழாயும் ஒரே இரும்பிலிருந்து கடைந்தவை. நடுவில் இடைவெளி இருக்காது. வேஷத் துப்பாக்கியில் மேகசின் தனிக் குழாயாகத் தொங்கும். பக்கவாட்டு ஷாட்டில் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். இன்னொன்று, நடிகரின் இடக்கை. நிஜ ஹென்றியில் ஒவ்வொரு தோட்டாவாகப் போகப் போக ஃபாலோயர் குமிழ் பின்னால் நகர்ந்துகொண்டே வரும். தாங்கியிருக்கும் இடக்கையில் வந்து முட்டும். கையை எடுத்துக் குமிழுக்கு முன்னால் மாற்றி வைக்காவிட்டால் அடுத்த தோட்டா ஏறாது. பதினாறு தோட்டாவையும் சுட்டுத் தீர்க்கும் நடிகர் ஒரு தடவைகூட இடக்கையை மாற்றவில்லை என்றால் அவர் கையில் இருப்பது ஹென்றி இல்லை. முன்கட்டையும் இல்லாததால் நிஜத்தில் அந்தக் குழல் சூடேறிக் கையைச் சுடும். இந்த ஒரு குமிழும் அது ஓடும் பிளவும் இல்லாமல் ஹென்றி செய்வதில் எனக்கு அர்த்தமே இல்லை. பிளவை வெறும் கறுப்புக் கோடாக வரைந்துவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, குழாய்களின் கதைக்கு வருகிறேன்.

முதல் குழாய் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஏரியலின் ஒரு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக நுழையும் குழாய்களுக்கு அதைவிட நல்ல சரக்கு கிடையாது. முனை உறைக்கு இன்றும் அதைத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் பிளவு வெட்டப் போனபோது மேலிருந்த முலாம் செதில் செதிலாக உரிந்தது, ஆக்ஸா பிளேடு வழுக்கிக் கோடு கோணலாகிவிட்டது. இரண்டாவது, கடையில் வாங்கிய புதுப் பித்தளைக் குழாய். கை மெஷினில் மெல்லிய கட்டிங் வீல் மாட்டி வெட்டினேன். நாலு அங்குலம் நூல் பிடித்த மாதிரி வந்தது. அதற்கப்புறம் வீல் திணற ஆரம்பித்தது. வெட்டிய பிளவு எனக்குப் பின்னாலேயே மூடிக்கொண்டு வந்திருக்கிறது. வீல் சிக்கி உடைந்து ஒரு துண்டு கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் தப்பித்தேன். குழாயை எடுத்துப் பார்த்தால் ஆரம்பத்தில் ஒன்றரை மில்லி இருந்த பிளவு நடுவில் பாதிகூட இல்லை, குழாயும் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. மூன்றாவது குழாயைத் தேக்குக் கட்டையில் பள்ளம் போட்டு இறுக்கி வைத்து வெட்டினேன். கட்டையில் இருக்கும்வரை நேராக இருந்தது. கிளாம்பைத் தளர்த்தியதுதான் தாமதம், கண்ணெதிரே மெல்லத் திரும்பி வளைந்தது.

அன்றைக்கு நிஜமாகவே கோபம் வந்தது. மூன்று நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை. அப்புறம் அந்த வளைந்த குழாயை எடுத்துக்கொண்டு வைசியாள் வீதியில் எனக்குத் தெரிந்த நகை ஆசாரி ஒருவரிடம் போனேன். வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“காச்சாம அறுத்தீங்களா தம்பி?”

“ஆமாங்க.”

“குழாய இழுத்துச் செஞ்சிருக்கறானுங்க. அந்த முறுக்கு உள்ளயே நிக்கும். நீங்க ஒரு பக்கத்துல அறுத்தா அது விட்டுட்டு வளையத்தானுங்க செய்யும். நல்லாக் காச்சி ஆற வெச்சுட்டு அறுங்க.”

“காய்ச்சினா ரொம்ப மெதுவா ஆயிடுமேங்க, அமுங்கிப் போகாதா?”

“அதுக்குத்தான் உள்ள அரக்கு ஊத்தோணும்.”

ஒரு கட்டி அரக்கையும் கையில் கொடுத்து அனுப்பினார். காசு வாங்கவில்லை. வளையலுக்குள் அரக்கு நிரப்புகிறவர்களுக்கு இது காலங்காலமாகத் தெரிந்த சங்கதி. அவரிடம் முதலிலேயே போயிருந்தால் மூன்று குழாய் மிச்சம்.

நாலாவது குழாயை மொட்டை மாடியில் இருட்டில் காய்ச்சினேன். வெளிச்சத்தில் செய்தால் நிறம் தெரியாது, உருகிப்போகும். மங்கலான சிவப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடந்துபோக வேண்டும், எங்கேயும் நிற்கக் கூடாது. ஆறியதும் ஒரு முனையை அடைத்து அரக்கை உருக்கி ஊற்றினேன். முதல் தடவை உள்ளே காற்று நின்றுவிட்டது. தட்டினால் சத்தம் வேறுபடுகிறது, அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். மறுபடி உருக்கி ஊற்றினேன். அப்புறம் அதே தேக்குப் பள்ளத்தில் வைத்து, இரண்டு பக்கமும் வழிகாட்டியாகப் பித்தளைப் பட்டை. கட்டிங் வீலைத் தொடவே இல்லை. இரண்டு ஆக்ஸா பிளேடுத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டினால் வெட்டின் அகலம் சரியாக ஒன்றரை மில்லி. அதை இழைப்புளி மாதிரி ஒரே திசையில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கனம் கொடுக்கக் கூடாது, பிளேடின் எடையே போதும். ஒரு இழுப்புக்குப் பொடி மாதிரி கொஞ்சம் பித்தளை வரும். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பிளேடின் அடியில் மஞ்சள் பொடிக்குப் பதில் அரக்கின் காவிநிறம் தெரிந்தபோது நிறுத்தினேன். கிளாம்பைத் தளர்த்தினேன். குழாய் அப்படியே கிடந்தது. அசையவில்லை.

கொதிநீரில் போட்டு அரக்கை இளக்கி, மிச்சத்தைப் பாலிஷ் ஸ்பிரிட்டில் கழுவி எடுத்தேன். பிளவின் ஓரங்களை ஊசி அரத்தால் இரண்டே இழுப்பு. ஸ்பிரிங் கிடாரின் முதல் தந்தியை சைக்கிள் போக்ஸ் கம்பியில் சுற்றியது. கொஞ்சம் தடித்த தந்தியில் சுற்றிய முதல் ஸ்பிரிங்கின் வேகத்தில் குமிழ் போய் மோதிப் பற்றவைத்த ஈயமே விட்டுவிட்டது. மெல்லிய தந்திதான் சரி. குழலுக்கும் குழாய்க்கும் நடுவே எம்-சீல் அடைத்து ராவி ஒரே உடம்பாக்க வேண்டும். அதை இனிமேல்தான் செய்யப் போகிறேன், ஏனென்றால் உடல் சரியாக உட்காரவில்லை.

உடலைப் பற்றி ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். ஹென்றியின் உடலைப் பித்தளை என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். ஆரம்பத்தில் செய்த சில நூறு துப்பாக்கிகளுக்கு இரும்பு உடல்; மற்றவை தாமிரத்தோடு வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த கன்மெட்டல். அதனால்தான் பழைய துப்பாக்கிகளில் அந்தச் சிவப்போடிய பொன்னிறம். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கன்மெட்டலுக்கு அலைய வேண்டுமா? பம்புக்கு புஷ் வார்க்கிற ஊர். ஒரு கடையில் கன்மெட்டல் என்று சொல்லி ஒரு துண்டைக் கொடுத்தார்கள். அரம் போட்டதுமே எலுமிச்சை மஞ்சள். சாதாரணப் பித்தளை. திரும்பக் கொண்டுபோனால் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று பதில். எல்லாம் ஒன்று இல்லை. கடைசியில் கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில், ஓடித் தேய்ந்த பெரிய புஷ் ஒன்றை எடை போட்டு வாங்கினேன். அறுத்து ராவியபோது உள்ளேயிருந்து வந்த நிறத்தைப் பார்த்துச் சந்தோஷம் தாங்கவில்லை. வாங்க நினைப்பவர்கள் கடையிலேயே ஒரு மூலையில் அரம் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

உடலின் வளைவுகளுக்கு 1860 அக்டோபர் 16-இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி வாங்கிய 30,446-ஆம் எண் காப்புரிமையின் வரைபடம்தான் ஆதாரம். அளவு எதுவும் குறிப்பிடவில்லை, ஆனால் குழலின் நீளம் தெரியுமென்பதால் மற்றவற்றை அளந்து எடுத்துவிடலாம். லிங்கனுக்குக் கொடுத்த, தங்க முலாம் பூசிய 6-ஆம் எண் ஹென்றி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சித்திர வேலைப்பாடு மறைக்காத இடங்களில் அதன் படங்களும் உதவின. 1990-இல் வந்த ‘டான்சஸ் வித் வுல்வ்ஸ்’ படத்தில் காஸ்ட்னர் வைத்திருப்பது குமிழோடு கூடிய அசல் வடிவம். இத்தாலியின் யூபர்ட்டி நிறுவனம் செய்த நகல். அந்தப் படத்தின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அளவெடுக்க அதை நம்பக் கூடாது. இன்றைய நகல்கள் நீளமான தோட்டாவுக்காகச் செய்யப்படுபவை, ஆகவே அவற்றின் உடல் அசலைவிடக் கொஞ்சம் நீளம். நான் முதலில் நகலைப் பார்த்து வரைந்துவிட்டேன். ஒரு மில்லிக்கும் குறைவான வித்தியாசம்தான், ஆனாலும் லீவர் உட்காரும் இடம் பொருந்தவில்லை. மறுபடி ராவிக்கொண்டிருக்கிறேன்.

பின்கட்டை வாகை மரம். மர வியாபாரத்தில் அதற்குக் கிழக்கிந்திய வால்நட் என்றே பெயர் உண்டு. அமெரிக்க வால்நட்டின் நிறத்துக்கு இரண்டு கை எண்ணெயில் வந்துவிட்டது.

இதற்கு நடுவே இரண்டாவது ஜோடிக்கும் வரைபடம் போட்டு முடித்துவிட்டேன். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர், 1873. இதில் வேஷம் இல்லை, வயதுதான் தப்பு. ஆரம்பகாலத் துப்பாக்கிகளில் சிலிண்டர் (தோட்டா அறைகளோடு சுழலும் உருளை) அச்சைப் பிடித்திருப்பது உடலின் முன்பக்கம் சாய்வாக ஏறும் ஒரு திருகு. 1890-களில்தான் குறுக்கே அழுத்தும் ஸ்பிரிங் பித்தான் வந்தது. 1870-களில் நடக்கும் கதைகளில் நெருக்கமான ஷாட் வந்தால் சிலிண்டருக்குச் சற்று முன்னால், உடலின் பக்கவாட்டைப் பாருங்கள். வட்டப் பித்தான் தெரிந்தால் அந்த ரிவால்வர் கதைக்கு இருபது வருஷம் இளையது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்து வைத்தால் யாருக்கும் விளங்கும். மூன்றில் ஒரு பங்கு அளவில் அந்தத் திருகு ஒரு மில்லிகூட வராது. பழைய கைக்கடிகாரத் திருகுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர் ஒரு டப்பா நிறைய எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வருகிற ஞாயிறு லீவரைப் பொருத்திவிட்டு எம்-சீல் போடுகிறேன். அது இறுகும்வரை குமிழை நடுவில் நிறுத்தி, பிளவுக்குள் மெழுகு தடவிய மூங்கில் பட்டையைச் செருகி வைக்க வேண்டும். பட்டையைச் சீவி வைத்துவிட்டேன்.