திராட்சை ஜெல்லியில் ஹாட் டாக்

நியூயார்க் மாநிலத்துக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டு விருந்தில் ஹாட் டாக் என்ற இறைச்சி சாசேஜை, ரொட்டியில் தடவும் திராட்சை ஜெல்லியில் சமைத்திருக்கிறார்கள் என்று கேட்டு முகம் சுளித்தவன் நான். நேற்று அதையே என் அடுப்பில் ஏற்றினேன்.

ஹாட் டாக்கை விரல்கணு அளவுக்கு நறுக்கி, வெட்டிய முகம் சிவக்கும்வரை வாணலியில் புரட்டினேன். பிறகு ஒரு கப் ஜெல்லி, அரை கப் மஸ்டர்ட் (கடுகு சாஸ்), கொஞ்சம் வினிகர், ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். ஜெல்லி முதலில் கட்டிகட்டியாக மிதந்து பயமுறுத்தும். கைவிடாமல் கிளறினால் கரைந்து, கரண்டியின் முதுகில் ஒட்டும் பாகாகிவிடும். வினிகரை மறந்தால் அது ஜாங்கிரிப் பாகுதான்.

இனிப்பான உணவோடு இனிப்பே இல்லாத ஒயினைக் குடித்தால், ஒயினில் புளிப்பு மட்டுமே நாக்கில் நிற்கும். அதனால் எங்கள் மாநிலத்து ஃபிங்கர் லேக்ஸ் பகுதியின் லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் வெள்ளை ஒயினை நன்றாகக் குளிரவைத்திருந்தேன். கச்சிதம். நண்பர் கொண்டுவந்த கலிபோர்னியா ஸின்ஃபாண்டெல் சிவப்பு ஒயினின் பழச்சுவை பொருந்தியது. ஆனால் அதிலிருந்த கூடுதல் ஆல்கஹால் காரத்தை இன்னும் ஏற்றிவிட்டது.

ஒரு வேடிக்கை. ஜெல்லிக்கான கான்கார்ட் திராட்சையின் சாற்றை 1869இல் புளிக்கவிடாமல் பாட்டிலில் அடைத்தவர் தாமஸ் வெல்ச். தேவாலயத்தில் ஒயினுக்கு மாற்றாக! என் மேசையைப் பார்த்திருந்தால் மனிதர் ஜெல்லியை வாணலியோடு தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

எட்டுத் துண்டுகளை மிச்சம் வைத்திருந்தேன். காலையில் டப்பா காலி. வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.