கோடு விழுந்த காட்சிகள்

பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்த 'மெட்ரோபோலிஸ்' என்ற ஜெர்மன் அறிவியல் புனைகதை ஊமைப்படம் திடீரென்று சுருங்கியது. ஓரத்தில் கருப்புப் பட்டை. படம் முழுக்க மழை மாதிரி கோடுகள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி பளிச்.

அந்தக் கோடு விழுந்த பகுதிதான் புதையல். 1927-இல் பெர்லினில் வெளியான பிறகு வெட்டி எறியப்பட்டது. 2008-இல் பியூனஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 எம்எம் என்ற சிறிய அளவு பிலிம் பிரதியாகக் கிடைத்தது. சுமார் 25 நிமிடம்!

1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் ரசிகர்கள் திரையிட்டதும் இதே படத்தைத்தான். பேசும்படம் வந்து பத்து வருடம் தாண்டியும் ஒரு ஊமைப்படத்தை, அதுவும் வெட்டுப்பட்ட பிரதியை, தேடிப்பிடித்து ஓட்டியிருக்கிறார்கள். அப்புறம் எப்படி மரியாதை வராமல் இருக்கும்?

இன்று நான் சோபாவில் சாய்ந்தபடி பார்த்த அந்தக் காட்சிகள் அன்று அந்த அரங்கில் யாருக்கும் கிடைக்கவில்லை. அதுதான் மனதை உறுத்துகிறது.