பிள்ளைகளை வைத்திருந்ததும் திருப்பிக் கொடுத்ததும்

அக்காவும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள் 2019 கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து, 2022 கடைசியில் தாயிடம் திரும்பிப் போனார்கள். இடையில் எந்தக் கந்தோருக்குப் போனோம், எது உதவியது, எது உதவவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயரையும் தாயின் பெயரையும் எழுதமாட்டேன். நாங்கள் கிளிநொச்சி வட்டக்கச்சிப் பக்கம், அவர்கள் வீடு பஸ் மாறிப் போகிற தூரம் என்பது போதும்.

தாய் என் கணவருக்குத் தூரத்து முறையில் தங்கச்சி. கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் காணுகிற அளவு பழக்கம். புருசன் வேறு குடும்பம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு பைனான்ஸ் கொம்பனிகளில் குழுக்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்ட வழியில்லாமல், பிள்ளைகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு 2018 இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அடுத்த வருடம் அந்த அம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பிள்ளைகள் ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் படுத்தார்கள். பள்ளிக்கூடத்தால் அறிவித்து, கிராம அலுவலர் வந்து பார்த்து, பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் வந்து, கடைசியில் விசயம் நன்னடத்தை உத்தியோகத்தரின் கைக்குப் போனது. பார்க்க ஆளில்லாத பிள்ளைகளின் விசயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறவ அவதான். நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம்.

முதலில் சிறுவர் இல்லம் என்றுதான் கதைத்தார்கள். ஆனால் பெண் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், ஆண் பிள்ளைகளுக்கு வேறோர் இல்லம். ஒன்பது வயது அக்காவையும் நாலு வயதுத் தம்பியையும் பிரிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என் கணவர், "எங்கடை வீட்டிலை இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார். என்னைக் கேட்கவில்லை. அதற்கு அன்றிரவு வீட்டில் நடந்த பூசை வேறு கதை.

அம்மம்மாதான் லேசில் விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "எழுத்திலை வைச்சால் பிள்ளையளைக் கொண்டு போயிடுவினம்" என்று அழுதா. அவவின் பயத்தை விளங்காத ஆள் வன்னியில் இருக்க முடியாது. 2009 இல் முகாம்களுக்குள் தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கமாகப் பிரிந்தவர்கள் எத்தனை பேர். அந்த வருடக் கடைசியில் நன்னடத்தைத் திணைக்களம் யுனிசெப் உதவியோடு வவுனியாவில் ஒரு தேடிச் சேர்க்கும் பிரிவைத் தொடங்கியபோது, காணாமல்போன மகனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதியப் போனவர்களில் அவவும் ஒருத்தி. மகன் கிடைக்கவில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கிய நாளில் இருந்து, நடக்க ஏலுமாக இருந்தவரை அங்கேயும் போய் இருந்தவ. அப்படிப்பட்ட மனுசியிடம் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து வையுங்கோ என்றால் எப்படி வைப்பா? நன்னடத்தை மிஸ் படிவத்தை பைலுக்குள் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், யார் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவார்கள் என்று முழுவதையும் சொன்னா. எங்கள் வீட்டு வழியைக்கூடச் சொன்னா. அதற்குப் பிறகுதான் அம்மம்மா சரி என்றா.

சட்டப்படி நடந்தது இதுதான். 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் 'தகுந்த ஆள்' என்று ஒருவரை நீதிமன்றம் நியமிக்கலாம். எங்களை அப்படித்தான் நியமித்தார்கள். இது தத்து இல்லை. தத்தெடுப்புக்கு 1941 ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் இருக்கிறது, அதில் பிள்ளை முழுதாகக் கை மாறிவிடும். எங்களுடையதில் தாய் தாயாகவே இருப்பாள். நாங்கள் நீதிமன்றம் சொல்லும்வரை பார்த்துக்கொள்ளுகிற ஆட்கள், அவ்வளவுதான். கட்டளை தருவதற்கு முதல் வீட்டுக்கு வந்து கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, கக்கூஸ் எங்கே, பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்று பார்த்தார்கள். எங்கள் சம்பாத்தியம் கேட்டார்கள். ஏ.எல். படிக்கிற என் மகனைத் தனியாகக் கூப்பிட்டும் கதைத்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அறையைப் பகிரப்போகிறவன் அவன்தானே.

தாயைப் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வீட்டு நம்பரில் இருந்து எடுத்தால் கதைப்பாள், கந்தோர் ஆட்கள் எடுத்தால் கட் பண்ணிவிடுவாள். பொறுப்பில்லாதவள் என்று ஒரு கந்தோரில் என் காதுபடவே சொன்னார்கள். பிறகுதான் காரணம் தெரிந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று 2013 இல் இருந்து ஒரு விதி இருந்தது. அதைப் பார்க்கப் போகமுதல் குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்கவேண்டியிருந்தது. பிறகு 2022 இல் அதைத் தளர்த்தினார்கள். இவள் போகும்போது மகனுக்கு மூன்று வயது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற உபமுகவர் ஒருவன் இடையில் நின்று, சின்னவனை மறைத்துத்தான் அனுப்பியிருக்கிறான். அரசாங்க ஆட்களோடு கதைத்தால் வழக்குப் போட்டுப் பிள்ளைகளைப் பறித்துவிடுவார்கள் என்று அவள் நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். இதை எனக்கு ஐமோ வீடியோக் கோலில் அழுதழுது சொன்னாள். மிஸ்ஸிடம் நான் சொன்னபோது அவ திட்டவில்லை. "அவ கதைச்சால்தான் பிள்ளையளைத் திருப்பிக் குடுக்கலாம் எண்டு சொல்லுங்கோ" என்றா. அதற்குப் பிறகு கந்தோர் நம்பருக்கும் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை குவைத்தில் கொஞ்சம் ஓய்வு. அன்றைக்கு ஐமோவில் கூப்பிடுவாள். பெட்டை போனைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விடுவாள். பெடியன் முகத்தைக் காட்டமாட்டான். பெற்றவளின் முகமே அவனுக்கு மறந்துவிட்டது. என்னைத்தான் அம்மா என்று கூப்பிடத் தொடங்கினான். கேட்க நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். மறிக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம், மாமி என்று சொல்லியே பதில் கொடுங்கோ என்றா மிஸ். தாயின் படத்தைப் பெரிதாக அடித்துச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் கொழுவினோம்.

2020 மார்ச்சில் கொரோனா. பள்ளிக்கூடம் பூட்டு, விமான நிலையம் பூட்டு, நீதிமன்றத் தவணைகள் தள்ளித் தள்ளிப் போயின. அவளின் ஒப்பந்தம் முடிந்தும் வர வழியில்லை. எங்களுக்கு மனம் விட்டதும் அந்தக் காலத்தில்தான். சின்னவனுக்கு மூச்சு இழுப்பு. ஊரடங்குக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக மோட்டார் சைக்கிளில் பாஸ் காட்டிக் காட்டிப் போகவேண்டும். என் மகன், "அம்மா, நான் இந்த வீட்டிலைதான் இருக்கிறனோ?" என்று ஒருநாள் கேட்டான். அயலில் கதை வேறு. அரசாங்கம் காசு அள்ளிக் கொடுக்கிறதாம், அதற்குத்தான் வைத்திருக்கிறோமாம். கிடைத்த உதவி கொப்பி, சப்பாத்து அளவுக்குத்தான் வரும், அதுவும் வந்தால்.

அந்த நேரத்தில் என்னை நிமிர்த்தியது, பிரதேச செயலகத்தில் எங்களைப் போன்ற வீட்டுக்காரரை ஒன்றாகக் கூப்பிட்டு வைத்த கூட்டம். கொரோனா குறைந்த இடைவெளியில் தொடங்கினார்கள். பேரப்பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மம்மாக்கள்தான் அதிகம். பிரசங்கம் பெரிதாக இல்லை. தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு, படுக்கையில் சலம் போகிற பிள்ளை, களவெடுத்துச் சாப்பாடு ஒளிக்கிற பிள்ளை என்று ஆளாளுக்குக் கதைத்தோம். எங்கள் பெட்டையும் தலையணைக்குக் கீழே பாண் துண்டு வைப்பாள். "பறிக்காதை பிள்ளை, ஒரு டப்பாவிலை விசுக்கோத்துப் போட்டு அவளின்ரை எண்டு குடு" என்று ஓர் அம்மம்மா சொன்னா. கொடுத்தேன். கொஞ்ச நாளில் பாண் ஒளிப்பது நின்றது. எந்தப் புத்தகமும் எனக்கு அதைச் சொல்லித் தந்திருக்காது.

2021 இல் தாய் வந்து, தனிமைப்படுத்தல் முடிந்து ஊருக்கு வந்தாள். வந்தவுடன் பிள்ளைகளைத் தந்துவிடுவார்கள் என்று அவளும் நினைத்தாள், ஊரும் நினைத்தது. முதலில் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் வந்து பார்ப்பது, பிறகு பகலில் அங்கே கூட்டிப்போவது, பிறகு ஓர் இரவு, பிறகு பள்ளி லீவு என்று மிஸ் படிப்படியாகப் போட்டா. அந்த ஒழுங்கு எனக்கு அப்போது இழுத்தடிப்பாகத் தெரிந்தது. இப்போது அதைவிடக் குறைத்திருக்கக் கூடாது என்றுதான் சொல்வேன்.

முதல் சில சனிக்கிழமைகளில் சின்னவன் என் சீலைக்குப் பின்னாலேயே நின்றான். அவள் கொண்டுவந்த குவைத் சொக்லேட்டை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவான். ஒருநாள் பாலைப்பழம் ஒரு சொப்பிங் பை நிறையக் கொண்டுவந்தாள். அள்ளித் தின்று, பால் பிசுபிசுத்து உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டது. அவன் கத்த, அவள் தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு உதட்டைத் துடைத்துவிட்டாள். முகத்தைத் தொட விட்டது அன்றைக்குத்தான். நான் குசினிக்குள் நின்று பார்த்தேன். சந்தோசம்தான், ஆனால் நெஞ்சுக்குள் ஒரு எரிவும் இருந்தது. பெட்டை வேறு மாதிரி. தாயிடம் நல்ல பிள்ளையாக நடந்துவிட்டு, அவள் போனதும் என்னோடு சண்டை பிடிப்பாள். இருவரில் ஒருவரைத் தெரிவு செய்யச் சொல்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். அதனால் சனிக்கிழமைச் சமையலை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே செய்யத் தொடங்கினோம். "மச்சாள், உப்புக் காணாது" என்று அவள் சொல்வதையும் நான் போடுவதையும் பிள்ளைகள் பார்க்கட்டும் என்றுதான்.

உண்மையில் தாமதித்தது பிள்ளைகளின் மனம் இல்லை, தாயின் வீடு. இந்திய அரசின் உதவி வீட்டுத்திட்டத்தில் 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணை தவணையாக வந்து கட்டிய வீடு. பூச்சு இல்லை, பின் கதவு இல்லை. படுக்கையில் அம்மம்மா. குவைத் காசில் பாதிக்குமேல் கடனுக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டைப் பார்க்க அத்தனை பேர் வந்தார்கள், அவள் வீட்டுக் கதவைப் பற்றிக் கேட்க நெடுநாள் ஒருவரும் வரவில்லை. எனக்கு இதில்தான் கோபம். பிள்ளை போய்ச் சேரவேண்டிய இடம் அதுதானே. ஒரு கந்தோரில் பைலையே காணவில்லை என்றார்கள். மாற்றலாகிப் போன உத்தியோகத்தரின் அலுமாரியில் இருந்து பிறகு வந்தது. அதற்குப் பிறகு எல்லாக் கடிதத்திலும் போட்டோக்கொப்பி எடுத்து வைத்துக்கொண்டேன். நீங்களும் எடுங்கள்.

வேலை அடுத்த சிக்கல். ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள், சம்பளம் பரவாயில்லை. ஆனால் விடிய முதலே பஸ் வரும், பிள்ளைகளை யார் எழுப்பி அனுப்புவது? விட்டுவிட்டாள். பிறகு பள்ளிக்கூடச் சத்துணவு சமைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. பில் காசு சுணங்கித்தான் வரும், ஆனால் பிள்ளைகள் படிக்கப்போகிற அதே பள்ளிக்கூடம். தகப்பன் மேல் 1999 ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தாபரிப்பு வழக்குப் போட்டாள். கட்டளை வந்தது, காசு ஒரு மாதம் வந்தால் இரண்டு மாதம் வராது. கதவை இவரும் மகனும் போய்ப் போட்டார்கள்.

2022 இல் பெற்றோல் இல்லை. கியூ.ஆர். காட்டிப் பெற்றோல் அடிக்கிற பங்கீட்டு முறை வரும்வரை சனிக்கிழமைச் சந்திப்புகள் அறுந்து அறுந்து நடந்தன. பெட்டை பஸ்ஸில் தம்பியைக் கூட்டிக்கொண்டு தானே போய் வரப் பழகியது அந்த நேரம்தான். மார்கழி லீவோடு நீதிமன்றம் கட்டளையை மாற்றிப் பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைத்தது. நான் விடுகைப் பத்திரம், கிளினிக் கொப்பி, இழுப்புக்கு எந்த மருந்து எப்போது என்று எழுதிய கொப்பி எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். இருட்டுக்குப் பயம், கத்தரிக்காய் தின்னமாட்டான், தலையணை டப்பாவை மறக்கவேண்டாம் என்பதுகூட அதில் இருந்தது.

ஒப்படைத்ததோடு முடியவில்லை. நன்னடத்தையில் இருந்து தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். பெட்டை ஒருநாள் தாயோடு கோபித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சோறு கொடுத்து, தாய்க்குப் போன் எடுத்து, அன்றிரவு வைத்திருந்து விடிய இவர் கொண்டுபோய் விட்டார். திணைக்களத்தின் செவன சரண திட்டத்தில் இப்போது ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அதில் பணம் தருபவர் வேறு எங்கோ இருப்பார், பிள்ளை சொந்த வீட்டிலேயே இருக்கும். முதலே இப்படி ஏதும் கிடைத்திருந்தால் குவைத் போயிருப்பாளா என்று இவர் கேட்கிறார். கடன்காரர் விட்டிருப்பார்களா என்று நான் கேட்கிறேன்.

போன கிழமை கிராம அலுவலர் இன்னொரு பிள்ளையைப் பற்றிக் கேட்டார். மகன் கம்பசுக்குப் போய்விட்டான், அறை இருக்கிறது. தாயின் போன் நம்பரையும், அந்த வீட்டுக்கு யார் போய் வருகிறார்கள் என்ற விபரத்தையும் முதலில் தாருங்கோ என்றேன். எடுத்துத் தருகிறேன் என்றிருக்கிறார்.