அடுப்படியில் கரிம வேதியியல்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

7 ஜூன் 2025, சனி

மகள் படிவம் ஐந்து. சமன்பாடு மனப்பாடமாகிறது, பொருள்தான் கண்ணில் படுவதில்லை என்கிறாள். நியாயம்தான். இனி சனிக்கிழமைகளில் வீட்டிலேயே செய்து பார்ப்பதென்று பேசிக்கொண்டோம்.

எது வேண்டாம் என்பதை முதலில் முடிவு செய்தோம். சோப்பு காய்ச்சும் காஸ்டிக் சோடாவும், எஸ்டர் செய்யும் அடர் கந்தக அமிலமும் பள்ளி ஆய்வுக்கூடத்தோடு நிற்கட்டும். காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். யார் எப்படிச் செய்து காட்டினாலும் என் அடுப்படியில் அது நுழையாது.

இன்று காயத்துக்குப் போடும் அயோடின். ஆறிய கஞ்சியில் ஒரு சொட்டு விட்டதும் கருநீலம். சர்க்கரைத் தண்ணீரில் ஒன்றும் நடக்கவில்லை. எச்சில் கலந்து சற்று நேரம் வைத்திருந்த கஞ்சியில் நீலம் வெளுத்துப்போனது. எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிட்டது. சோதித்த எதையும் வாயில் வைக்காமல் கொட்டிவிட்டோம்.

14 ஜூன், சனி

சூடான பாலில் வினிகர். திரிந்து வந்த கேசினை, அதாவது பால் புரதத்தை, வடிகட்டி, பிழிந்து, பொத்தானாக அழுத்திக் காயவைத்திருக்கிறாள். 1899-இல் காப்புரிமை பெற்ற கேலலித் என்ற பிளாஸ்டிக்கும் இதே கேசினில் செய்ததுதான். அதை இறுக்க ஃபார்மால்டிஹைட் தேவைப்பட்டது. நமக்கு அது வேண்டாம், வெயில் போதும்.

21 ஜூன், சனி

நான் காத்திருந்த நாள். பக்கத்தில் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனைதான். ஆனாலும் மாமா கொஞ்சம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வைத்திருக்கிறார். காலையில் வெட்டிய பாலை, அமோனியா கலக்காமல், ஒரு போத்தலில் தந்தார்.

"ஆசிட்டும் கொஞ்சம் தரட்டுமாம்மா?"

"வேணாம் மாமா, வினிகர் போதும்."

அவர் சொன்னது ரப்பர் பாலைக் கட்டவைக்கும் பார்மிக் அமிலம். தோலைப் புண்ணாக்கும்.

பழைய சட்டை, பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை. ரப்பர் கையுறையே சேராதவர்கள் இந்தச் சோதனையை விட்டுவிட வேண்டும். பாலில் அதே அளவு தண்ணீர் கலந்து இரண்டு டின்களில் ஊற்றினோம். ஒன்றில் மட்டும் வினிகரைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறினாள். குச்சி கனத்தது, பால் தயிராகி, அப்புறம் ஒரே உருண்டையாகத் திரண்டது. கழுவி இழுத்தாள், நீண்டது, விட்டாள், சுருங்கியது.

ரப்பர்த் துகள்களைச் சுற்றியுள்ள புரத உறையில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்கிறது. துகள்கள் மோதுகின்றன, உறை கிழிகிறது, உள்ளே ரப்பராக இருக்கும் நீண்ட ஐசோப்ரீன் சங்கிலிகள் பின்னிக்கொள்கின்றன. குச்சி கையில் இருந்தபோதே இதைச் சொன்னேன். "அப்போ அமோனியா ஊத்துனா கட்டாதாம்மா?" என்று அவளே கேட்டாள். ஆமாம், காரம் வரும் அமிலத்தைச் சமன் செய்துவிடும்.

22 ஜூன், ஞாயிறு

வினிகர் விடாத டின்னும் இரவோடு கட்டிவிட்டது. நாற்றம் தாங்கவில்லை. பாக்டீரியா சுரந்த அமிலத்தின் வேலை. மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் தங்கும் கட்டிப்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

அடுத்த சனி சங்குப்பூவும் எலுமிச்சையும். பூ வேலியிலேயே இருக்கிறது.