செந்தூலில் ஒரே மேசையில் 1080 டிஐ-யும் 4060-உம்

செந்தூலில் கல்யாண வீடியோ எடுத்து, எடிட் செய்து கொடுப்பது என் தொழில். ராத்திரியில் நேரம் கிடைத்தால் கொஞ்சம் கேமும் ஆடுவேன். பல வருடமாக எனக்கு உழைத்துக்கொண்டிருப்பது ஜிடிஎக்ஸ் 1080 டிஐ என்ற என்விடியா கிராபிக்ஸ் கார்டு, செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அக்கா மகனுக்காக லோ யாட் கணினி மாலில் அதே கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு ஒன்று எடுத்தோம். அதை அவன் கேஸிங்கில் பூட்டுவதற்கு முன்னால் என் கணினியில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். "மாமா, அந்தப் பழசு பாவம், இதுகூடப் போட்டி வைக்காதீங்க" என்றான் அவன்.

பாவம் ஒன்றும் இல்லை. 1080 டிஐ 2017 மார்ச்சில் 699 அமெரிக்க டாலருக்கு வந்த கார்டு. 4060 வந்தது 2023 ஜூனில், 299 டாலருக்கு. பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் பழசுதான் பெரிய ஆள். கணக்குப் போடும் சிறு அலகுகளான கூடா (CUDA) கோர்கள் 3584, புதியதில் 3072. மெமரி 11 ஜிபி, புதியதில் 8. மெமரிக்கும் சிப்புக்கும் இடையிலான பாதை, அதாவது மெமரி பஸ், 352 பிட், புதியதில் 128 தான். நொடிக்கு 484 ஜிபி தரவு அள்ளுகிறது பழசு, புதியது 272.

அப்படியிருந்தும் 1080பி (1920x1080) திரைத் தெளிவில் 4060 பின்தங்கவில்லை. ஷேடோ ஆஃப் த டூம் ரைடர் மாதிரி கொஞ்சம் பழைய கேமில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சைபர்பங்க் 2077-இல் புதியது தெளிவாக முன்னால் ஓடியது. அதைவிடப் பெரிய 1440பி-க்கு ஏற்றினால் அந்த இடைவெளி மறுபடி சுருங்கியது. காரணம் சிப்பின் உள்ளே இருக்கிறது. பழசு 16 நானோமீட்டர் தயாரிப்பு. புதியது அதைவிடப் பல மடங்கு நுணுக்கமான முறையில் செய்தது, அதனால் கடிகார வேகம் அதிகம். சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரியான எல்2 கேஷ் பழசில் 3 எம்பி-கூட இல்லை, புதியதில் 24 எம்பி. அடிக்கடி தேவைப்படும் தரவு சிப்புக்குள்ளேயே கிடைத்துவிடுவதால், குறுகிய பஸ் 1080பி-யில் அவ்வளவாகத் தடுப்பதில்லை. படம் பெரிதாகும்போதுதான் அது தன் குறையைக் காட்டுகிறது.

4060 தானாகவே இடைப் பிரேம்களை உருவாக்கிச் செருகும் பிரேம் ஜெனரேஷனை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. இடையில் செருகிய பிரேம்கள் அசைவை வழுவழுப்பாக்கும், ஆனால் மவுஸை நகர்த்தினால் கை உணரும் வேகம் கூடாது. அதையும் கூட்டி "இரண்டு மடங்கு வேகம்" என்று விற்பது வாங்குபவருக்குச் செய்யும் நியாயம் இல்லை.

என் தொழிலுக்கு வந்தால் கதையே மாறுகிறது. தைப்பூசத்தை ஒட்டி ராத்திரியில் வெள்ளி ரதம் ஜாலான் துன் எச்.எஸ். லீ கோயிலிலிருந்து பத்துமலைக்குக் கிளம்பும். அந்த இருட்டில் கேமராவின் ஐஎஸ்ஓ-வை ஏற்றி எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் இருக்கும். 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு, அதன்மேல் கலர் கிரேடும் ஏற்றினால் கார்டின் மெமரி விறுவிறுவென்று நிரம்பும். 4060 அங்கேதான் திணறியது: மெமரி போதவில்லை என்று செய்தி வந்து ரெண்டர் நின்றது. அதே டைம்லைனை 1080 டிஐ மெதுவாக, ஆனால் முழுசாக முடித்துக் கொடுத்தது. ரெண்டர் பாதியில் நின்றால் வேகத்தை வைத்து என்ன செய்வது? மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்ன தேதிதான் எனக்கு முக்கியம்.

இன்னொன்றும் உண்டு. மதர்போர்டோடு தரவு பரிமாறும் பிசிஐஇ தடங்களில் (லேன்) எட்டை மட்டுமே பயன்படுத்தும் கார்டு 4060. என்னுடையது பிசிஐஇ 3.0 மதர்போர்டு, எட்டாம் தலைமுறை ஐ7. மெமரி நிரம்பி வழிந்து கணினியின் ராமிலிருந்து இழுக்க வேண்டி வந்தால், அந்தப் பாதை 4.0 போர்டில் இருப்பதில் பாதிதான். பழைய கணினிக்கு 8 ஜிபி கார்டு வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் யாரும் தாங்களாகச் சொல்வதில்லை.

சரி, புதியதிடம் பழசு தோற்கும் இடம்? மின்சாரம். பழசு 250 வாட், புதியது 115. தினமும் 5 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், அந்த 135 வாட் வித்தியாசம் மாதத்துக்கு 20 யூனிட்டாகி டிஎன்பி மின்சார பில்லில் வந்து நிற்கும். பில்லைவிட எனக்குப் பெரிய தொல்லை சூடு. கோலாலம்பூர் பிளாட்டில் சின்ன அறை. கார்டு கக்கும் சூட்டை ஏர்கான் மறுபடி வெளியேற்ற வேண்டும். 4060 ஓடிய நாட்களில் ஃபேன் சத்தமே தெரியாமல் குரல் பதிவு செய்தேன்.

ஒளி பட்டுத் திரும்புவதைக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங் தனிப் பிரச்சினை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு அந்த வன்பொருள் கட்டாயம். 1080 டிஐ-யில் அது இல்லை. எத்தனை பலம் இருந்தும் அந்தக் கேமை அதில் ஆட முடியாது. சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ்-உம் அதற்குக் கிடையாது, எஃப்எஸ்ஆர் போன்ற மாற்றுகள்தான். 2025 அக்டோபரோடு இந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் நின்றுவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். நன்றாக ஓடுகிற கார்டை ஓரங்கட்டுவது வேகம் இல்லை, இதுதான். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம்.

யூடியூபுக்கு ஏவி1 என்ற வீடியோ வடிவில் ஏற்றுமதி செய்வது 4060-இல் கார்டிலேயே நடக்கும், பழசில் நடக்காது. ஆனால் இப்போது பல கேமராக்கள் எடுக்கும் நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 எச்.265 வீடியோக் கோப்பை இந்த இரண்டு கார்டுமே தாமாகப் பிரித்துப் படிக்காது. என்னைப் போலத் தொழில் செய்யும் தம்பிகள் 4060 வாங்கிவிட்டு, டைம்லைன் ஏன் திக்குகிறது என்று கேட்கிறார்கள். அந்த வேலையை 11-ஆம் தலைமுறை இன்டெல் சிப்போடு வரும் உள்ளமைந்த கிராபிக்ஸ் செய்யும், இல்லையென்றால் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை செய்யும்.

அக்கா மகன் ஆடுவது 1080பி திரையில். அவனுக்கு 4060 போதும், அவன் கேஸிங்குக்கே போய்விட்டது. செகண்ட் ஹேண்டில் 1080 டிஐ தேடுகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். விற்பவர் எதிரிலேயே, கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் போட்டு, சூடு ஏறி நிலைக்கும்வரை உட்கார்ந்து பாருங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்ட பிறகு, அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் நிறையச் சந்தைக்கு வந்தன. பவர் சப்ளை 600 வாட்டுக்குக் குறைந்தால் அந்தக் கார்டு வேண்டாம்.

நான் அடுத்து எடுக்கப்போவது 5060 டிஐ, 16 ஜிபி. அதே பெயரில் 8 ஜிபி-யும் விற்கிறார்கள், அது எனக்கு வேண்டாம். அது வரும்வரை ராத்திரி எடுத்த படமெல்லாம் 1080 டிஐ-யில்தான் ரெண்டர் ஆகும்.