பாம் கருவியில் எதை ஏற்றுவது: மின்னூல் படிப்பான்களும் அன்றாட மென்பொருள்களும்

அலமாரியில் கிடந்த பழைய பாம் கருவியை, அதாவது பாம் நிறுவனத்தின் கைக்கணினியை, தூசி தட்டி எடுத்து மறுபடியும் பயன்படுத்தத் தொடங்குபவர்கள் இப்போது அங்கங்கே தென்படுகிறார்கள். அழைப்பும் அறிவிப்பும் குறுக்கிடாத ஒரு கருவியில் நாட்குறிப்பை வைத்துக்கொள்ளவும், இரவில் படுக்கப் போகும் முன் சில பக்கங்கள் படிக்கவும் விரும்புகிறவர்களுக்கு அது இன்றும் நன்றாகவே உழைக்கிறது. அவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, இதில் எந்தெந்த மென்பொருளை ஏற்றுவது என்பதைத்தான். பாம் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டவை ஆயிரக்கணக்கில் இருந்தன, அவற்றுள் பலவும் இணையக் காப்பகங்களில் இன்னமும் கிடைக்கின்றன. தேடி எடுப்பது எளிது; எதை வேண்டாமென்று ஒதுக்குவது என்பதில்தான் யோசனை தேவைப்படுகிறது.

நான் கையில் வைத்திருப்பது 2005இல் வெளிவந்த பாம் டிஎக்ஸ். 320 க்கு 480 பிக்சல் திரை, 128 எம்பி நினைவகம், எஸ்டி அட்டைக்கு ஓர் இடம், வைஃபை, புளூடூத் ஆகியவை இதில் உண்டு. 1996இல் வந்த முதல் பைலட் 1000 கருவியில் 160 க்கு 160 பிக்சல் திரையும் 128 கேபி நினைவகமும்தான் இருந்தன என்பதை எண்ணினால் இது பெரிய வசதி. ஆனாலும் அந்த முதல் கருவியை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், சட்டைப் பையில் அடங்கும் மரக்கட்டை ஒன்றைச் செய்து எடுத்துச் சென்று, தேவைப்படும்போதெல்லாம் அதை வெளியே எடுத்து எழுதுவதுபோலப் பழகிப் பார்த்தார் என்பது எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். கருவியை எடுத்த கையோடு வேலை முடிய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. எந்த மென்பொருளையும் நான் முதலில் அந்த அளவுகோலால் அளக்கிறேன்: திறப்பதற்குக் காத்திருக்க வைத்தால், நான்கைந்து முறை தட்டிய பிறகே வேலைக்கு வழிவிட்டால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது அளவுகோல் எனக்கு இதைவிட முக்கியமானது. உள்ளே போட்ட தரவை அதே முழுமையோடு வெளியே எடுக்க முடியுமா என்று பார்க்கிறேன். பாம் நிறுவனமே 2010இல் எச்பி வசம் போய்ப் பிறகு கடையைக் கட்டிவிட்டது. அதற்காக மென்பொருள் விற்ற சிறு நிறுவனங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றின் கோப்புகளைத் திறப்பதற்கு அவற்றையே நம்பியிருந்தவர்களின் கையில் இன்று எதுவும் மிஞ்சவில்லை. இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது மின்னூல் படிப்பான்களுக்கு இடையே உள்ள வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது.

பாமில் நூல் படிக்கும் பழக்கம் ஒரு தடையிலிருந்து பிறந்தது. கருவியோடு வந்த குறிப்பேட்டில் ஒரு குறிப்புக்கு ஏறத்தாழ 4,000 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. நூலைப் போன்ற நீண்ட எழுத்தை வைத்துக்கொள்ள ஏற்பட்டதுதான் டாக் எனப்படும் வடிவம். மைக்ரோசாஃப்ட் வேர்டின் கோப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது நூலை 4,096 பைட்டு கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சுருக்கி வைக்கிறது. படிக்கும்போது அந்தப் பக்கத்துக்கு வேண்டிய துண்டு மட்டும் விரிகிறது. ஆகவே மிகக் குறைந்த திறனுள்ள செயலியிலும் நூலின் நடுப்பகுதிக்கு ஒரே தாவலில் போக முடிந்தது. இத்தனை சிக்கனமான ஏற்பாடு என்பதால் எண்ணற்ற படிப்பான்கள் இதை ஏற்றுக்கொண்டன. அவற்றில் சிஸ்பாட்ரன் என்பது மிகச் சிறியது, இலவசமானது, திறமூலத்தில் அமைந்தது. பழைய பாம் த்ரீ போன்ற கருவி வைத்திருப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது அதைத்தான். வீசல் ரீடர் அதற்கு அடுத்த படி. அதன் இசட்டெக்ஸ்ட் வடிவம் டாக்கைவிட நன்றாகச் சுருக்கும் என்பதால் நினைவகம் குறைவாக உள்ள கருவியில் கூடுதலாகச் சில நூல்களை வைக்கலாம்.

ஆனால் டிஎக்ஸ், டங்ஸ்டன் இ போன்ற கருவி இருந்தால் ப்ளக்கரைத் தேர்ந்தெடுப்பதே சரி என்று உறுதியாகச் சொல்வேன். வலைப்பக்கங்களைக் கணினியில் சேகரித்து, பாமில் இணைப்பின்றிப் படிப்பதற்காக எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் அது. தலைப்பு, சாய்வெழுத்து, படம், உள்ளிணைப்பு ஆகிய எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளும். அடிக்குறிப்பின் எண்ணைத் தட்டினால் அடிக்குறிப்புக்குப் போகலாம். மேலேயுள்ள பின்னம்பைத் தட்டினால் விட்ட வரிக்கே திரும்பலாம். ஆராய்ச்சி நூல்களைப் படிப்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது பயன்படுத்திப் பார்த்தால்தான் புரியும். திரையைப் பக்கவாட்டில் திருப்பிப் படிக்கலாம், எழுத்து தானாக மேலே நகரும்படியும் செய்யலாம். பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் கூட்டன்பர்க் திட்டம் ஒரு காலத்தில் தன் நூல்களை ப்ளக்கர் வடிவத்திலேயே தந்தது.

கணினியில் நூலைத் தயாரிக்கும்போது மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். எத்தனை அடுக்கு இணைப்புகளைப் பின்தொடர வேண்டும் என்று ப்ளக்கர் கேட்கும். பொருளடக்கப் பக்கமும் அதிலிருந்து இணைக்கப்பட்ட இயல்களும் வேண்டுமானால் இரண்டு என்று கொடுத்தால் போதும். ஐந்து என்று கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலுமுள்ள இணைப்புகள் வழியாக அது வேறு தளங்களுக்கெல்லாம் போய்க்கொண்டே இருக்கும். கோப்பு கருவியில் ஏற்ற முடியாத அளவுக்கு வீங்கிவிடும். முகவரியின் குறிப்பிட்ட பகுதிக்குள்ளேயே நிற்கும்படி கட்டளையிட ஒரு வசதி இருக்கிறது. நூல் எந்த அடைவில் இருக்கிறதோ அதை அங்கே குறித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வாங்கியவர் மட்டுமே திறக்கும்படி பூட்டி விலைக்கு விற்கப்பட்ட நூல்களின் கதை வேறு. பீனட் பிரஸ் என்ற பெயரில் 1998இல் தொடங்கிப் பின்னர் பாம் ரீடர் என்றும் இரீடர் என்றும் அறியப்பட்ட படிப்பான், வாங்கியவரின் பெயரையும் கடனட்டை எண்ணையும் கேட்டு நூலைத் திறந்தது. கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும், பூட்டு முறைகளில் இதை நான் ஓரளவு நல்லது என்றே கருதுகிறேன். காரணம், சரிபார்ப்பு கருவிக்குள்ளேயே நடந்தது, தொலைவிலுள்ள எந்த வழங்கியையும் அது நம்பியிருக்கவில்லை. அந்தக் கடை 2009இல் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கைக்குப் போய் 2012இல் மூடப்பட்ட பிறகும், கோப்பையும் பழைய அட்டை எண்ணையும் பத்திரமாக வைத்திருந்தவர் படித்துக்கொண்டே இருக்கலாம். பிரான்சில் தொடங்கிய மோபிபாக்கெட் என்ற இன்னொரு படிப்பானின் பூட்டு முறை இதற்கு மாறானது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனி எண் உண்டு. அந்த எண்ணுக்காகத் தயாரிக்கப்பட்ட கோப்பு வேறு கருவியில் திறக்காது. கருவி பழுதானால் கடையிடம் போய்ப் புதிய எண்ணுக்கு மறுபடியும் கோப்பு வாங்க வேண்டும். கடை இல்லாதபோது என்ன செய்வது? பூட்டில்லாத நூல்களுக்கு மோபிபாக்கெட் மிக நேர்த்தியான படிப்பான் என்பதையும் சொல்ல வேண்டும். 2005இல் அமேசான் அதை வாங்கியது. 2007இல் வந்த கிண்டிலின் கோப்பு வடிவம் அதிலிருந்து வளர்ந்ததே. மோபி கோப்பின் கட்டமைப்பு பாமின் தரவுத்தளக் கட்டமைப்பே என்பதால், 4,096 பைட்டாக வெட்டிச் சுருக்கும் அந்தப் பழைய முறை கிண்டிலுக்குள்ளும் நெடுநாள் வாழ்ந்தது.

டாக், ப்ளக்கர், இசட்டெக்ஸ்ட் ஆகிய மூன்றையும், பூட்டில்லாத இரீடர் கோப்புகளையும் மின்னூல்களைக் கணினியில் கையாளும் இன்றைய காலிபர் மென்பொருள் திறந்து, இன்று பரவலாகப் புழங்கும் இபப் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. நான் ப்ளக்கரையும் டாக்கையும் பரிந்துரைப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

தமிழ் நூல்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நேரடியான வழி ஒன்றைச் சொல்ல முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. நம் ஊரில் புழங்கிய பாம் கருவிகளின் இயங்குதளம் ஓரெழுத்துக்கு ஒரு பைட்டு என்ற கணக்கில் அமைந்தது. யூனிகோடு அதற்குத் தெரியாது. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் யூனிகோடு பக்கங்களை நேராக ஏற்றினால் பொருளற்ற குறிகள்தான் தெரியும். நான் செய்வது, கணினியில் அந்த நூலை 320 பிக்சல் அகலத்தில், வரிக்கு 20 எழுத்து அளவில், பக்கப் படங்களாக மாற்றி, 16 சாம்பல் நிலைகளில் ப்ளக்கருக்குக் கொடுப்பது. படங்களின் அளவு வரம்பு ப்ளக்கரில் இயல்பாகவே சிறியதாக இருக்கும். அதைத் திரையின் அகலத்துக்கு உயர்த்தாவிட்டால் எழுத்துகள் நசுங்கிவிடும். உயர்த்திவிட்டால் ணகர னகர வேறுபாடும் ஒற்றுப் புள்ளிகளும் தெளிவாகத் தெரியும். இந்த வழியில் சொல்லைத் தேட முடியாது, எழுத்தைப் பெரிதாக்கவும் முடியாது. செய்யுள் நூல்களுக்கு இது போதுமானது. நீண்ட உரைநடைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

நூல்களை விட்டு அன்றாட வேலைக்கு வந்தால், முதலிடம் டேட்புக் 6க்கு. பிம்லிகோ என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட இந்த நாட்காட்டியின் வருமானம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள கொரில்லாக் காப்பகம் ஒன்றுக்குச் சென்றது. இதில் எனக்கு மிகவும் பயன்படுவது மிதக்கும் பணிகள்: இன்று முடிக்காத வேலை நாளைய பக்கத்துக்குத் தானாகவே நகர்ந்துவிடும், முடித்ததாகக் குறிக்கும்வரை நம்மை விடாது. மின்கட்டணம், காப்பீட்டுத் தவணை போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. இன்னொரு நுட்பத்தையும் பாராட்ட வேண்டும். தான் கூடுதலாகச் சேர்க்கும் சின்னம், நேர மண்டலம் போன்ற விவரங்களை அது பதிவின் குறிப்புப் பகுதியின் முதல் வரியில் ## என்று தொடங்கும் ஒரு சிறு குறியீட்டுத் தொடராக எழுதி வைக்கும் வழக்கம் கொண்டது. டேட்புக்கை நீக்கிவிட்டாலும் கருவியின் சொந்த நாட்காட்டியில் பதிவுகள் அப்படியே இருக்கும். அந்த ஒரு வரி மட்டும் கூடுதலாகத் தெரியும்.

மளிகைப் பட்டியலுக்கு ஹேண்டி ஷாப்பர். இலவசம். வீட்டில் வழக்கமாக வாங்கும் பொருள்களையெல்லாம் ஒருமுறை எழுதி வைத்துவிட்டு, உளுந்து தீர்ந்தால் உளுந்தைத் தட்டினால் போதும், அது வேண்டியவை என்ற பட்டியலுக்கு வந்துவிடும். கடைவாரியாக விலையையும் குறித்துக்கொள்ளலாம். கடவுச்சொற்களுக்குக் கீரிங் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. மறையாக்கம் செய்து வைக்கும், பாம் தரவை லினக்ஸ் கணினியில் கையாளும் ஜேபைலட் மென்பொருள் வழியாகவும் திறக்கலாம். டாக்குமென்ட்ஸ் டு கோ கருவியோடு வந்ததால் வைத்திருக்கிறேன், சிறு விரிதாள்களைப் பார்க்க உதவுகிறது. முகப்புத் திரையை மாற்றி அலங்கரிக்கும் மென்பொருள்கள் எதையும் ஏற்ற வேண்டாம். நினைவகத்தைத் தின்று, கருவியை அடிக்கடி முடங்க வைக்கின்றன.

காப்புப் பிரதியைத் தள்ளிப்போடக் கூடாது. டங்ஸ்டன் இ வரையிலான கருவிகளில் மின்கலம் முற்றிலும் தீர்ந்தால் நினைவகத்திலுள்ள அனைத்தும் அழிந்துவிடும். டிஎக்ஸில் அந்த ஆபத்து இல்லை என்றாலும், முழு மீட்டமைப்பு நேர்ந்தால் அதிலும் எல்லாம் போய்விடும். என்விபேக்கப் போன்ற ஒன்றை ஏற்றி, நள்ளிரவுக்குப் பின் எஸ்டி அட்டைக்குப் பிரதி எடுக்கும்படி அமைத்துவிடலாம். அட்டை 2 ஜிபிக்கு மேற்படாததாக இருக்கட்டும். அதைவிடப் பெரிய எஸ்டிஎச்சி அட்டைகளைக் கருவி தானாக அறிந்துகொள்ளாது. 64 பிட் விண்டோஸில் யூஎஸ்பி வழி ஒத்திசைவுக்குப் பாம் நிறுவனம் இயக்கி எதையும் தரவில்லை. ஆகவே புளூடூத்தைப் பயன்படுத்தலாம் அல்லது லினக்ஸுக்குப் போகலாம்.

கடைசியாக ஒன்று. பாமின் நாட்காட்டி ஆண்டை 1904இலிருந்து ஏழு பிட்டுகளில் எண்ணுகிறது. அது 2031 ஆம் ஆண்டோடு முடிகிறது. பிறந்தநாள், தவணை என ஆண்டுதோறும் வரும் பதிவுகளை இதில் வைத்திருப்பவர்கள், ஜேபைலட்டில் உள்ள ஏற்றுமதி வசதியைக் கொண்டு அவற்றை ஐகேலண்டர் கோப்பாக ஆண்டுக்கு ஒருமுறையேனும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பை இன்று புழங்கும் நாட்காட்டிகளில் பெரும்பாலானவை படிக்கும்.