ஐசிஎம்ஆர் எஸ்டிஎஸ்: படிவத்தை அனுப்பும் முன் ஒரு வீட்டில் படித்துக் காட்டுங்கள்

பெங்களூரில் எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) எஸ்டிஎஸ் என்ற குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்தில் ஆய்வு செய்தேன். ஜூனியர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும்போதே ஆராய்ச்சியில் கை பழகட்டும் என்று 1979-இல் தொடங்கிய அரசுத் திட்டம் இது. இரண்டு மாத வேலை, 50,000 ரூபாய் உதவித்தொகை. ரிப்போர்ட்டை அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் பணம் வரும். அதனால் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் முன்பே கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

பக்கவாதம் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது என் கேள்வி. அந்த வேலை பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் தலையில்தான் விழுகிறது. அவர்களை யாரும் நின்று விசாரிப்பதில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

முதல் புரொபோசலில் சாம்பிள் சைஸ், அதாவது எத்தனை பேரிடம் பேசுவது என்பது, 400 என்று எழுதியிருந்தேன். நாலு பிக்யூ பை டி ஸ்கொயர் என்று எல்லோரும் படித்த கணக்குதான்: பி, அதாவது எதிர்பார்க்கும் விகிதம், 50 சதவீதம்; க்யூ மீதி 50; டி, அதாவது ஏற்றுக்கொள்ளும் பிழை, 5. கைடு மேடம் டி-யை 10 ஆக்கச் சொன்னார், 100 ஆனது. அதுவே வாரத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். துல்லியம் குறைகிறதே என்று வருந்த வேண்டாம், அதை ரிப்போர்ட்டில் சொல்லிவிட்டால் போதும். முடிக்கக்கூடிய கேள்வியாக இருப்பதுதான் முக்கியம்.

அப்புறம், ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி. எங்கள் கல்லூரியில் அது அடிக்கடி கூடுவதில்லை. தேதியை முதல் நாளே கேட்டு வைத்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்து முதலில் போனது ஸ்ரீராம்புரத்தில் ஒரு தமிழ் வீடு. கணவருக்கு வலப்பக்கம் வராது. அக்கா அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகில் பவுடர் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆய்வைப் பற்றிச் சொல்லிச் சம்மதம் கேட்கும் தகவல் படிவத்தைப் படித்தேன். தலைப்பே ‘பராமரிப்பாளர் சுமை’.

“சுமையா? என் வீட்டுக்காரர் எனக்குச் சுமைன்னு நான் எப்பம்மா சொன்னேன்?”

கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கு அதற்கு மேல் ஒரு வரிகூடப் படிக்க வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஆங்கிலப் படிவத்தை அகராதி வைத்துத் தமிழாக்கியது என் தவறு. ‘வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் நலம்’ என்று மாற்றினோம். ஆனால் அனுமதி பெற்ற படிவத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் கமிட்டியிடம் திரும்பப் போக வேண்டும். மூன்று வாரம் போயிற்று. 100 பேருக்குப் பதில் 71 பேரிடம்தான் பேச முடிந்தது. அதை மறைக்காமல் எழுதினேன், ரிப்போர்ட் தேறியது.

எனவே கமிட்டிக்கு அனுப்பும் முன்பே, தமிழோ கன்னடமோ, அந்த மொழியை மட்டுமே பேசும் ஒருவருக்குப் படிவத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் எங்கே சுருங்குகிறதோ அந்த வரியை மாற்றுங்கள். பராமரிப்பவர்களின் சுமையை அளக்கும் ஜாரிட் அளவுகோலின் 22 கேள்விகளில் மட்டும் கை வைக்காதீர்கள். சரிபார்க்கப்பட்ட மொழிபெயர்ப்பை அனுமதி வாங்கி அப்படியே பயன்படுத்த வேண்டும்.

கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கினால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரை முதலிலேயே அழைத்து உட்கார வையுங்கள். பாதிப் பேச்சில் எழுந்து சாட்சி தேடப் போனால், அந்த அக்கா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.